சிக்கலை வளர்க்கும் தீர்வு முயற்சிகள்

(இளம் அலுவலர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் படித்து, முப்பதாண்டுகளாகத் திட்ட மதிப்பீடுகளையும் செலவுக் கணக்குகளையும் பார்த்து வந்தவன் மனநலம் பற்றிப் பேச முன்வருவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அலுவலர் நலன் என்னும் பொருளில் ஏதேனும் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். விடுப்பு விதிகளைப் பற்றியும் மருத்துவச் செலவு ஈடு பற்றியும் பேசிவிட்டு அமர்ந்திருக்கலாம். அவற்றை விதிநூலிலேயே நீங்கள் படித்துக்கொள்வீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. மனத்துன்பம் ஒன்று தோன்றிய பின், அதனைப் போக்க நாமும் நம்மைச் சேர்ந்தோரும் மீண்டும் மீண்டும் செய்யும் முயற்சியே அத்துன்பத்தை நிலைபெறச் செய்துவிடுவது எவ்வாறு என்பதே அது. நான் மருத்துவன் அல்லன். என் வீட்டில் பட்டறிந்தேன். பின்னர் அதுபற்றித் தேடிப் படித்தேன். அவ்வளவே என் தகுதி.

சுழல் என்னும் கருத்து பொருளாதார மாணவனுக்குப் புதிதன்று. வருமானம் குறைவு, ஆதலால் சேமிப்புக் குறைவு, ஆதலால் மூலதனம் குறைவு, ஆதலால் உற்பத்தித் திறன் குறைவு, ஆதலால் வருமானம் குறைவு என்று வறுமையின் நச்சுச் சுழலை ராக்னர் நர்க்சே 1953இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். தேர்வுக்காக நாம் அனைவரும் அந்த வட்டத்தை வரைந்திருக்கிறோம். ஆனால் நான் இங்கே கூறவரும் சுழல் அதனினும் சற்று வேறானது. இதில் சுழலைச் சுற்றிவிடுவது குறைபாடு அன்று, பரிகாரம்.

பீகாரின் கோசி ஆற்றை எண்ணிப் பாருங்கள். 1950களின் நடுவில் அதன் இருபுறமும் கரைகள் எழுப்பும் பணி தொடங்கியது. 1954இல் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளத்துக்கே வெள்ளத் தடுப்புக் கரைகள் இருந்தன. வெள்ள அபாயமுள்ள பரப்பு 25 லட்சம் ஹெக்டேர் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. கரைகளின் நீளம் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிய பின்னர் அப்பரப்பு 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. இவ்விரு எண்களுக்கும் இடையேயான உறவை அறிஞர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். கரையே முழுக் காரணம் என்று நான் கூறமாட்டேன். எனினும் கோசியின் போக்கு தெளிவானது. கரைகளுக்கிடையே அடைபட்ட ஆறு, தான் சுமந்துவரும் வண்டலைச் சமவெளியில் பரப்ப இயலாமல் தன் படுகையிலேயே இறக்கியது. படுகை உயர்ந்தது. கரையையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளப் பகுதியில் குசாஹா என்னுமிடத்தில் கரை உடைந்தபோது, ஆறு தன் பழைய தடங்களில் பாய்ந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைத் துன்பத்தில் ஆழ்த்தியது. ஒவ்வோர் ஆண்டும் கரையை வலுப்படுத்தக் கோப்பில் ஒப்பமிட்ட அலுவலர் எவரும் மதியற்றவர் அல்லர். அந்தந்த ஆண்டில் அது சரியான முடிவாகவே தோன்றியிருக்கும். இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனத்துன்பத்திலும் பிழையான பரிகாரம் எப்போதும் பொது அறிவின் உடையிலேயே வருகிறது.

இக்கருத்தை உளச்சிகிச்சையின் நடுவே நிறுத்தியவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ நகரில் இயங்கிய ஒரு குழுவினர். டான் ஜாக்சன் என்னும் மனநல மருத்துவர் 1958இல் அங்கு மனநல ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1960களின் பிற்பாதியில் அந்நிலையத்திலேயே குறுகியகாலச் சிகிச்சை மையம் ஒன்று தோன்றியது. அதன் முதன்மையானவர்கள் மூவர். ரிச்சர்ட் ஃபிஷ் மனநல மருத்துவர். ஜான் வீக்லண்ட் வேதிப் பொறியியல் கற்றுப் பின்னர் மானிடவியலுக்கு வந்தவர். பால் வாட்ஸ்லாவிக் ஆஸ்திரியாவில் பிறந்து, யுங்கின் உளப்பகுப்பாய்வு மரபில் பயின்றவர். மானிடவியலறிஞர் கிரகரி பேட்சனின் சிந்தனையும் இவர்களுக்கு வழிகாட்டிற்று. ஒரு செயலின் விளைவு மீண்டும் அச்செயலையே தூண்டும் பின்னூட்டம் என்னும் கருத்தை, இயந்திரங்களிலிருந்து எடுத்து மனித உறவுகளுக்குப் பொருத்திப் பார்த்தவர் அவர்.

அக்காலத்தில் உளப்பகுப்பாய்வு ஆண்டுக்கணக்கில் நீடிப்பது வழக்கம். இம்மையத்திலோ ஒருவருக்குப் பத்து அமர்வுகளே உச்சவரம்பு. ஒரு மருத்துவர் பேசுவார். மற்றவர்கள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னிருந்து கவனிப்பார்கள். இளமையில் என்ன நிகழ்ந்தது, ஆழ்மனத்தில் என்ன புதைந்துள்ளது என்று அவர்கள் தோண்டவில்லை. உங்கள் துன்பம் யாது, அதற்காக நீங்கள் இதுவரை என்னென்ன செய்தீர்கள், உங்கள் வீட்டார் என்ன செய்தார்கள், குணமடையத் தொடங்கியதற்கு முதல் அடையாளமாக எந்தச் சிறு மாறுதலைக் கொள்வீர்கள் என்பனவே கேள்விகள். வாழ்க்கையில் இடர்ப்பாடுகள் எல்லாருக்கும் வருகின்றன. பெரும்பாலானவை தாமே கடந்து போகின்றன. ஓர் இடர்ப்பாட்டைத் தவறாகக் கையாண்டு, அக்கையாளுதல் பலிக்காதபோது அதையே இன்னும் அதிகமாகச் செய்யும்போதுதான் இடர்ப்பாடு சிக்கலாக முற்றுகிறது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே சிக்கலின் தோற்றுவாயைத் தேடுவதைவிட, அதற்கு நாள்தோறும் ஊட்டப்படும் உணவை நிறுத்துவதே சிகிச்சை.

1974இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் முதல் 97 பேரின் முடிவுகள் தரப்பட்டுள்ளன. சராசரியாக 7 அமர்வுகள். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தாம் கொண்டுவந்த துன்பத்திலிருந்து முழுதும் விடுபட்டனர். 32 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். 28 விழுக்காட்டில் தோல்வி. கணக்குப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் ஒன்று கூறியாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழு எதுவும் இதில் இல்லை. மதிப்பீடு செய்தவர்களும் அவர்களே. ஆயினும் தோல்வியை மறைக்காமல் அச்சிட்டிருக்கிறார்கள். நம் துறைகளின் ஆண்டறிக்கைகளில் அத்தகைய வரியைத் தேடிப் பாருங்கள்.

உறக்கமின்மையை எடுத்துக்கொள்வோம், உங்களில் பலர் தேர்வுக் காலத்தில் அறிந்ததுதான். பணி நெருக்கடியால் ஒருவருக்கு நாலைந்து இரவுகள் தூக்கம் கெடுகிறது. நெருக்கடி தீர்ந்தால் தூக்கமும் திரும்பியிருக்கும். ஆனால் அவர் அஞ்சிவிடுகிறார். இழந்ததை ஈடுகட்ட எட்டு மணிக்கே படுக்கிறார். கண்களை இறுக மூடிக்கொள்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னும் நான்கு மணி நேரமே உள்ளது என்று கணக்கிடுகிறார். மறுநாள் பிற்பகலில் சற்றுக் கண்ணயர்கிறார். மாலை நடையை விட்டுவிடுகிறார். தூக்கமோ முயன்று பெறும் பொருளன்று. முயற்சி விலகும்போது வருவது. மூன்று மாதங்களில் படுக்கை என்பதே விழித்திருக்கும் இடமாகிவிடுகிறது. முதலில் தூக்கத்தைக் கெடுத்த கோப்பு எப்போதோ முடிந்து பதிவறைக்குப் போயிருக்கும்.

இதனைப் பாலோ ஆல்டோவினர் மட்டும் கூறவில்லை. ரிச்சர்ட் பூட்சின் 1972இல் விதித்த முறை எளியது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குச் செல்க, வாராவிடில் எழுந்து வேறு அறைக்குப் போகுக, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுக, பகலில் உறங்கற்க. ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல், தூக்கமின்மையைத் தொடங்கிவைக்கும் காரணம் வேறு, தொடரச் செய்யும் காரணம் வேறு என்று பிரித்துக் காட்டி, படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைக்கும் சிகிச்சையை முன்வைத்தார். இம்முறைகளை உள்ளடக்கிய உளச்சிகிச்சையையே நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதற் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. இழந்தவன் குறைவாகப் படுக்க வேண்டும் என்பது பொது அறிவுக்கு நேர் எதிரானது. ஆயினும் பலிக்கிறது.

அச்சத்திலும் இதுவே நிகழ்கிறது. பேருந்தில் ஒருமுறை நெஞ்சு படபடத்தவர் பேருந்தைத் தவிர்க்கிறார். தவிர்த்தவுடன் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே, பேருந்து ஆபத்தானது என்பதற்குச் சான்றாக மனத்தில் பதிகிறது. பின்னர்ச் சந்தை, பின்னர்த் திரையரங்கு என்று உலகம் சுருங்குகிறது. கதவைப் பூட்டினோமா என்னும் ஐயம் வந்து மும்முறை சோதிப்பவருக்கு நான்காம் முறையும் சோதிக்கத் தோன்றுகிறது. இங்கே வீட்டாரின் பங்கு பெரிது. பூட்டியாயிற்று, கவலைப்படாதே என்று அன்புடன் ஒவ்வொரு முறையும் விடையளிப்பவர், அடுத்த முறை கேட்பதற்கான தேவையையும் சேர்த்தே அளிக்கிறார். 1966இல் லண்டனில் விக்டர் மேயர், இத்தகைய நோயாளர் இருவரை மருத்துவமனையில் வைத்து, அவர்கள் அஞ்சிய சூழலில் இருத்தி, ஆனால் அச்சத்தைத் தணிக்கும் சடங்கைச் செய்யவிடாமல் தடுத்து முன்னேற்றம் கண்டார். இன்றும் அந்நோய்க்கான உளச்சிகிச்சையின் அடிப்படை அதுவே.

மனத்துயருற்றவரிடம், உனக்கு என்ன குறை, சற்றுச் சிரித்தால் என்ன என்று கூறுவதையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். துயரத்துடன், துயரப்படுவதற்கான குற்றவுணர்வும் அவருக்குக் கிடைக்கிறது.

நிறுத்து என்று சொல்வது எளிது, நிறுத்துவது அரிது. வெறுங்கையுடன் எவராலும் பழக்கத்தை விட இயலாது. ஆகவே பாலோ ஆல்டோவினர், பழைய முயற்சியோடு ஒத்துப்போகாத வேறொரு செயலைச் செய்யச் சொல்வார்கள். தூங்க முயல்பவரை விழித்திருக்க முயலச் சொல்லும் உத்தியை வியன்னா நகரத்து விக்டர் ஃபிராங்கல் அவர்களுக்கு முன்னரே கையாண்டார். விரைந்து குணமாக வேண்டும் என்று துடிப்பவரிடம், அவசரம் வேண்டாம், மெதுவாகச் செல்லுங்கள் என்பார்கள். 1982இல் வெளியான அவர்களது நூலில், மக்கள் பொதுவாகச் செய்யும் பிழையான முயற்சிகளை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். தானாக வர வேண்டியதை வலிந்து வரவழைக்க முயல்வது அவற்றுள் ஒன்று. குற்றம் சாட்டுபவரிடம் ஓயாமல் தன்னை நியாயப்படுத்தி, அவருடைய ஐயத்தையே உறுதிப்படுத்துவது மற்றொன்று. இன்னொன்றைப் படித்தபோது நூலைச் சற்று மூடி வைத்துவிட்டேன். பிறர் பணிந்தால் மட்டும் போதாது, அவர்களாகவே விரும்பிப் பணிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது. அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுகிறேன்.

நம் நாட்டிற்கு இது ஏன் கவனிக்கத் தக்கது? தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கப்பட்டது. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை. நூறு அமர்வுகள் வேண்டும் என்னும் சிகிச்சை, நம் நாட்டில் சிலருக்கே வாய்க்கும். ஆறு, எட்டு, பத்து அமர்வுகளில் முடிவதானால், அதனை மாவட்ட மருத்துவமனைக்கும் அதற்குக் கீழும் கொண்டுசெல்ல இயலும். இது வெறும் ஆசையன்று. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், உளவியல் பட்டம் பெறாத, ஆனால் பயிற்சியளிக்கப்பட்ட ஆலோசகர்கள் கடும் மனச்சோர்வுற்றோருக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரை சிகிச்சையளித்தனர். 495 பேர் பங்குகொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. மூன்று மாத இறுதியில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 39 விழுக்காட்டினரும், இச்சிகிச்சையையும் பெற்றோரில் 64 விழுக்காட்டினரும் நோய் நீங்கியிருந்தனர். இது பாலோ ஆல்டோ முறை அன்று. ஆயினும் அடிப்படை உறவுடையது. மனம் சோர்ந்தவர் ஓய்வெடுத்தால் தேறலாம் என்று ஒதுங்குகிறார்; ஒதுங்குவதால் மகிழ்ச்சி தரும் செயல்கள் குறைகின்றன; சோர்வு மிகுகிறது. ஊக்கம் வரட்டும் என்று காத்திராமல், சிறு செயல்களை முதலில் தொடங்கச் செய்வதே அங்கு அளிக்கப்பட்ட சிகிச்சை.

எல்லைகளையும் கூறிவிடுகிறேன். மனச்சிதைவு நோய்க்கு மருந்து இன்றியமையாதது. தைராய்டுக் குறைவும் சோர்வாகத் தோன்றக்கூடும். எனவே உடற்பரிசோதனை முதலில் தேவை. தற்கொலை எண்ணமுடையவரைச் சும்மா விட்டுவிடுவதற்கு இக்கொள்கை சாக்காகாது. அங்கே உடனிருத்தலும் உடனடி மருத்துவ உதவியும் கட்டாயம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில், தமிழ் உட்படப் பல மொழிகளில் அழைக்கலாம். மேலும், கடந்த காலம் தேவையே இல்லை என்னும் பாலோ ஆல்டோவினரின் பிடிவாதம் எனக்கு முழுதும் உடன்பாடன்று. அடிபட்ட மனைவியிடம், உங்கள் முயற்சியே சிக்கல் என்று எந்த மருத்துவரும் கூறலாகாது. அங்கே சிக்கல் அடிப்பவனிடம் இருக்கிறது.

இனி, என் வீட்டுக் கதை. 2014இல் நாங்கள் தில்லியில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஐந்து தாள்கள் நிலுவையில் நின்றன. நண்பகல் வரை படுக்கையிலேயே கிடப்பான். நான் காலை ஐந்து மணிக்கு எழுப்பினேன். கால அட்டவணை வரைந்து சுவரில் ஒட்டினேன். தனி ஆசிரியர் வைத்தேன். கைப்பேசியை வாங்கி வைத்தேன், திருப்பிக் கொடுத்தேன். தெருவிளக்கில் படித்து முன்னேறியவர்களின் கதைகளைக் கூறினேன். எங்கள் ஊர் வீட்டில் மின்விளக்கு இருந்தது என்பதை அவன் அறிவான். இரவில் சாப்பாட்டின்போது, இன்று எத்தனை பக்கம் ஆயிற்று என்று கேட்பது வழக்கமாயிற்று. ஒரு நாள் மிகுந்த தாராள மனத்துடன், நான் வற்புறுத்தவில்லை, நீயாகவே விரும்பிப் படிக்க வேண்டும் என்றேன். அந்நூலை நான் மூடிவைத்த காரணம் இதுவே.

மருத்துவமனையில் ஓர் உளவியல் வல்லுநரைக் கண்டோம். என் மகன் அறைக்கு வெளியே இருந்தபோது அந்த அம்மையார், இதுவரை செய்தவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அலுவலகக் குறிப்பைப் போல் எண்ணிட்டுப் பதினேழு இனங்களாக எழுதிச் சென்றேன். சற்றுப் பெருமையும் இருந்தது. அவர் படித்துவிட்டு, இவற்றுள் எவை ஒன்றுக்கொன்று வேறானவை என்று பிரித்துத் தாருங்கள் என்றார். அரை மணி நேரம் முயன்றேன். பதினேழும் ஒரே தலைப்பின் கீழ் அடங்கின.

இரண்டு வாரங்களுக்குப் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது. அவனாகக் கேட்டால், எனக்கும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். இதுவே அவர் இட்ட பணி. முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்காக அல்ல, என் மகன் கைவிட்டுப் போய்விடுவான் என்று அஞ்சியே நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அந்த நாள்களில்தான் எனக்குத் தெரிந்தது. கேட்காதபோது அச்சம் முழுதும் என்னிடமே தங்கியது. நான்காம் நாள், அவன் காதில் விழுமாறு என் துணைவியாரிடம், பக்கத்து வீட்டுப் பையன் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டானாமே என்றேன். நேர்முக வரியை நீக்கி மறைமுக வரி விதித்துவிட்டீர்கள் என்று என் துணைவியார் பிறகு கூறினார். அவரும் பொருளாதாரப் பட்டதாரியே.

பதினோராம் நாள் இரவு, சமையலறையில் தண்ணீர் குடிக்க வந்தவன் அங்கேயே நின்றான். முதற் பருவத்திலேயே தேர்வுக்கூடத்தில் தன் கைகள் நடுங்கத் தொடங்கியதையும், இரண்டு தேர்வுகளில் பாதியில் எழுந்து வந்துவிட்டதையும், அதன்பின் மூன்று தேர்வுகளுக்குப் போகவே இல்லை என்பதையும் அப்போதுதான் கூறினான். இவன் சோம்பியிருக்கிறான் என்றே ஓராண்டாக நான் கருதியிருந்தேன். “நீங்கள் கேட்கும்போதெல்லாம் பொய் சொல்ல வேண்டியிருந்தது, அப்பா. அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே நாள் போய்விடும்” என்றான். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றேன். பணிக்கப்பட்ட விடைதான், ஆனால் அவ்வேளையில் அது உண்மையாகவும் இருந்தது.

அவனுடைய தேர்வு அச்சத்துக்கு அந்த அம்மையார் தனியே சிகிச்சையளித்தார். முதலில் ஆளில்லாத கூடத்தில் அமர்தல், பின்னர் மாதிரித் தேர்வு, கைகள் நடுங்கினால் நடுங்கட்டும் என்று எழுதுதல் எனப் படிப்படியாக ஒன்பது அமர்வுகள். அவ்வாண்டு ஐந்தில் மூன்று தாள்களை எழுதினான், இரண்டில் தேறினான். நான்காண்டுப் படிப்பு ஆறாண்டுகளில் முடிந்தது. இப்போது நீர்மானிகள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறான். வேலையைப் பற்றி நான் கேட்பதில்லை. சில வாரங்களில் அவனே சொல்கிறான். சில வாரங்களில் சொல்வதில்லை. அந்தப் பதினேழு இனக் குறிப்பு இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது.